முட்டில் நின்ற வீடு

ரமணியின் வீட்டுச் சுவர் வயிறு தள்ளிவிட்டது என்று ஹாஃபிஸ் வந்து சொன்னபோது ஜெகதீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன் செத்த பிறகு அவள் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்ற ஓரகத்தி தவமணிக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"எந்தப் பக்கம் தம்பி தள்ளியிருக்கு?"

"உள் பக்கம் அக்கா. மாடிப்படிக்குக் கீழ. பக்கத்துலயே மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு வெடிப்பு. அதுல என் கை போவுது."

"கை போவுதா?"

"மணிக்கட்டு வரைக்கும் போவுதுக்கா. உள்ள ஈரமா சில்லுன்னு இருக்கு."

"நல்லா இருக்கட்டும்" என்றாள் ஜெகதீஸ்வரி. மறுபடி கத்தியை எடுத்தாள்.

ஒருவனுடைய வீட்டுச் சுவர் வெடித்ததற்கு இப்படிச் சந்தோஷப்படலாமா என்று கேட்பவர்கள் அவளுடைய கதையைத் தெரிந்துகொண்டு கேட்கட்டும். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளைச் செப்பனிடும் கொந்த்ராக் எடுத்துக்கொண்டிருந்தவன் ரமணி. அவனிடம் வேலை பார்த்தவர்கள், கடலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாகான் டாலாமைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். அண்ணன் குணாளன், தம்பி கிஷன். கிஷனின் மனைவிதான் ஜெகதீஸ்வரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சைட்டில் புதிதாகக் கட்டிய சுவர், சுண்ணாம்பு இறுகுவதற்குள் அதைத் தாங்கி நின்ற முட்டு எடுக்கப்பட்டதால் சரிந்தது. அடியில் இருந்தவன் கிஷன்.

செத்ததைக்கூட விதி என்று எடுத்துக்கொண்டிருப்பாள். அன்று சாயங்காலமே கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் ரமணியின் குரல் வந்தது. பிணம் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தது. "தம்பி கிஷன் காலையிலயே கொஞ்சம் போட்டுட்டு வந்துட்டாப்ல. நான் எவ்வளவோ சொன்னேன். கேக்காம அவராவே முட்ட எடுத்துட்டாரு. என்ன செய்யிறது, எல்லாம் அவன் செயல்." ஊர் முழுக்க அதைக் கேட்டது, கீழே கைகூப்பும் படங்களைப் போட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரிகளும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். கிஷன் பீர் வாசனைக்கே தும்முகிற ஆள். அது ஊருக்கும் தெரியும். தெரிந்துமே "குடிச்சிட்டு ஏறுனவன்" என்ற பெயர் அவன்மேல் ஒட்டிக்கொண்டது. போன தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒருத்தி, ஜெகதீஸ்வரி காதுபடவே, "பாவம், புருஷன் குடியில போச்சு" என்றாள். அவள் கையிலிருந்த மோரை வாங்காமலே ஜெகதீஸ்வரி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும், சொன்ன வாயாலேயே துடைக்கவைக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

குணாளனும் அன்றைக்கே ரமணியை விட்டு விலகினான். அங்கேயே வேலை பார்த்த ஹாஃபிஸைச் சேர்த்துக்கொண்டு தனியாக வேலை எடுத்தான். ரமணியைச் சும்மா விடமாட்டேன் என்று கோப்பிக் கடையில் சொன்னான், ஃபெரியில் சொன்னான், கருமாதிப் பந்தலில் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னான். இரண்டு பாட்டில் உள்ளே போனால் "அவன சுவத்துக்குள்ள வெச்சு கட்டுறேன் பாரு" என்பான். ஊருக்கே அந்தச் சபதம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது. ஜெகதீஸ்வரி மட்டும் அலுக்காமல் கேட்டாள். அந்தச் சொல்லுக்காகத்தான் தாய்வீடு இருக்கும் நிபோங் திபாலுக்குப் போகாமல் மூத்தார் வீட்டிலேயே தங்கினாள். வேலையாட்களுக்கும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தாள். குணாளனின் மனைவி தவமணி மாக் மண்டின் பேக்டரிக்குப் போவதால் அடுப்படி முழுக்க ஜெகதீஸ்வரியின் பொறுப்பு.

"இன்னொண்ணு அக்கா" என்று இழுத்தான் ஹாஃபிஸ். "பழைய மொதலாளி, ரமணி போஸே என்னைக் கூப்ட்டுத்தான் காமிச்சாரு. குணா அண்ணன் வந்து செஞ்சு குடுப்பாரான்னு கேக்கச் சொன்னாரு."

தவமணி கரண்டியோடு திரும்பினாள். "வெக்கமில்லாம கேட்டானா?"

"பெரிய கம்பெனி எல்லாம் இப்ப வர முடியாதுன்னுட்டாங்களாம். நாள் போனா மாடி எறங்கிடும் அக்கா. சுண்ணாம்புச் சுவரு செய்யிற ஆளுங்க எத்தனை பேரு இருக்கோம்?"

ஜெகதீஸ்வரி வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தான் வருவாருன்னு போய்ச் சொல்லு."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும் ரசமும் வைத்திருந்தாள். குணாளனுக்குப் பிடித்தவை. பாதிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"அவன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றான் குணாளன். "விழட்டும் லா. எனக்கென்ன?"

"விழுந்தா அவன் பொண்டாட்டி மேல விழும். அவன் வெளிய கோப்பி குடிச்சிக்கிட்டு இருப்பான். போன தடவையும் அப்படித்தானே?"

"வேற ஆளு பாத்துக்குவான்."

"வேற ஆளு செய்யட்டும்னு விடுறதுக்கா ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க, அத்தான்?"

குணாளன் சோற்றைப் பிசைந்தான். "சரி. போறேன்" என்றான். "போயி வெளிய பாக்குறதுக்கு அழகா கட்டி, நடுவுல குப்பையப் போட்டு அடைச்சுட்டு வந்துர்றேன். ரெண்டு மழை தாங்காது. அதான் அவனுக்குச் சரி."

"எனக்கு அது வேணாம்."

"பின்ன என்னதான் வேணும்?"

"வீங்குன சுவத்த நீங்க எப்படிச் செய்வீங்க? மொதல்ல மேல் பாரத்த முட்டுல ஏத்துவீங்க. பொறவு கெட்டுப்போன இடத்தப் பிரிப்பீங்க. பிரிச்சுப் போட்டுட்டா வீடு எதுல நிக்கும்?"

"முட்டுல நிக்கும்."

"அப்ப அவன உள்ள கூப்புடுங்க. கிஷன் குடிச்சானா, முட்ட எடுக்கச் சொன்னது யாரு, எல்லாத்தையும் அதே குரூப்புல அவன் வாயால சொல்லட்டும். சொல்ற வரைக்கும் ஒரு கல்லு ஏறக்கூடாது."

குணாளனின் கை தட்டிலேயே நின்றது. "அப்படியெல்லாம் வேலையப் பாதியில நிறுத்தக்கூடாது ஜெகா. அது மொறையில்ல."

"அவன் செஞ்சது மட்டும் மொறையா?"

"ஜெகா கேக்குறது சரிதானேங்க" என்றாள் தவமணி. "நீங்கதானே பழிவாங்கணும் பழிவாங்கணும்னு தூக்கத்துல கூடப் பொலம்புறீங்க. இப்ப அவனாவே வந்து கழுத்த நீட்டுறான். வேணாங்கிறீங்க."

இரண்டு பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணாளன் மிச்சச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினான். "சரி, செய்யிறேன்" என்று குழாயைப் பார்த்துச் சொன்னான். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று ஜெகதீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

ரமணியின் வீடு சூலியா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு லோரோங் சந்தில் இருந்தது. இரண்டு மாடி, குறுகிய முகப்பு, ஆழமான உள்கட்டு. பக்கத்து வீடு முன்பு, சூப்புக்கு விற்கும் குருவிக் கூடு வளர்த்த வீடு, இப்போது காலி. கூடு நன்றாக வர வேண்டும் என்று வருஷக்கணக்கில் உள்ளே தண்ணீரைத் தூவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். பழைய செங்கல், பழைய சுண்ணாம்பு. ஈரம் ஏறினால் தானாக மூச்சுவிட்டுக் காய்ந்துகொள்ளும் சுவர். வீட்டை வாங்கிய ரமணி அதை விட்டானா? ஈரக்கறை அசிங்கமாகத் தெரிகிறது என்று சிமெண்டைப் பூசி மூடினான். அடுத்தவர் வீட்டில் சிமெண்டு பூசினால் சுவர் கெட்டுவிடும் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிற ஆள்தான். சொந்த வீடு என்றதும் சீக்கிரம் முடிகிற வழியில் போய்விட்டான். போக வழியில்லாத ஈரம் உள்ளேயே ஊறியது. கடைசியில் உள்பக்கத்துச் செங்கல் வரிசை வெளிப்பக்கத்து வரிசையை விட்டுப் பிரிந்து புடைத்துக்கொண்டது.

"வாங்க குணா" என்றான் வாசலில் நின்ற ரமணி.

"சுவரு எங்க?" என்றான் குணாளன்.

அன்றைக்கு அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை நாள் பகைக்கு ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லையே என்று ஹாஃபிஸுக்கு ஆச்சரியம். மேலிருந்து தூக்குநூலை விட்டார்கள். நூல் நடுவில் சுவரின்மேல் படுத்துக்கொண்டது, கீழே ஒரு சாண் விலகித் தொங்கியது.

முதலில் சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். அது பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் இருந்த செங்கல் கோப்பியில் நனைத்த ரொட்டியைப்போல விரலுக்கு உதிர்ந்தது. மூடிக் கிடந்த ஈரம் வெளியே வந்ததும் வீடு முழுக்கப் பாசி நாற்றம். ரமணியின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். மெலிந்த, பேசாத பெண். ஜெகதீஸ்வரி மத்தியானச் சோற்றுத் தூக்கோடு ஃபெரியில் வந்து, ஃபெரித் துறையிலிருந்து வெயிலில் நடந்து, முதல்முறை அந்த வீட்டு வாசலில் ஏறியபோது அந்தப் பெண்தான் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள்.

"குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"வேணாம் அக்கா" என்றாள் ஜெகதீஸ்வரி. தொண்டை காய்ந்துதான் இருந்தது. அந்த வீட்டுத் தண்ணீர் இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு முட்டுக் கொடுக்கும் வேலை தொடங்கியது. கெட்ட பகுதிக்கு மேலே சுவரில் வரிசையாக ஓட்டை போட்டார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் கனமான இரும்பு உத்திரத்தைக் குறுக்கே நுழைத்தார்கள். அதன் ஒரு முனை ரமணி வீட்டில், மறு முனை குருவி வீட்டில். இரு முனைக்கும் அடியில் ஒவ்வொரு இரும்பு முட்டு. திருகினால் நீளும் இரும்புக்கால் அது. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மேல்சுவரின் பாரம் அதில் இறங்கும்வரை முறுக்க வேண்டும். கூடினால் சுவர் மேலே வெடிக்கும். குறைந்தால் கீழே இறங்கும். குணாளன் திருகும்போது காதைச் சுவரில் வைத்துக்கொள்வான். அந்த நேரத்தில் அவனிடம் யாரும் பேசக்கூடாது.

ஜெகதீஸ்வரி சோற்றைப் பரிமாறிவிட்டு, ஏனங்களைக் கழுவும்வரை வெளியே அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்திருப்பாள். அன்று உள்ளே வந்து முட்டுகளைப் பார்த்தாள். சிலவற்றில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு, சிலவற்றில் பச்சைக் கோடு. ஹாஃபிஸ் ஒரு முட்டில் பச்சையைத் தீற்றிக்கொண்டிருந்தான். குணாளன் சுண்ணாம்பு வாங்கப் போயிருந்தான்.

"இது எதுக்கு தம்பி கலரு? அழகுக்கா?"

"அடையாளம் அக்கா" என்று சிரித்தான் ஹாஃபிஸ். "போட்டவன்தான் எடுக்கணும். மஞ்சள் அண்ணன் போட்டது, பச்சை என்னுது. என் முட்டுல அண்ணன்கூட கை வெக்க மாட்டாரு. எவ்வளவு முறுக்குனோம், அடியில தரை எப்படி இருந்துச்சுன்னு போட்டவனுக்குத்தானே தெரியும்? வேற ஆளு தொட்டா சுசாதான், ஆபத்து."

"இது நீங்க ரெண்டு பேரும் வெச்சுக்கிட்ட பழக்கமா?"

"இல்லக்கா. ரமணி போஸுக்கிட்ட இருந்தப்பவே அண்ணன் கொண்டாந்த ரூல். மீறுனா செருப்பால அடிப்பாரு."

"கிஷனுக்கு என்ன கலரு?"

"கிஷன் அண்ணனுக்கு கலரு ஏதுக்கா? அவரு சுண்ணாம்பு கலப்பாரு, கல்லு வெப்பாரு. முட்டுப் பக்கமே போக மாட்டாரு. அண்ணன் விட..." ஹாஃபிஸின் கை பாதிக் கோட்டில் நின்றது. பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்: "அன்னைக்கு நான் அங்க இல்லக்கா. வேற சைட்ல இருந்தேன்."

"நான் அத கேக்கலையே தம்பி" என்றாள் ஜெகதீஸ்வரி.

திரும்பும்போது ஃபெரியில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். அன்றைக்கு அந்த சைட்டில் முட்டுப் போடத் தெரிந்தவன் ஒருவன்தான். போட்டவன்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டவனும் அவன்தான். அண்ணன் கிழித்த கோட்டைக் கிஷன் ஒருநாளும் தாண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட அண்ணன் தலையசைத்த பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். அப்படிப்பட்டவன் அண்ணன் போட்ட முட்டில் கை வைத்திருப்பானா? கேள்வியே தப்பு. பதில் இரண்டு வருஷமாக அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தது.

ரமணியை நினைத்தபோது வந்த கோபம் காரமாக இருந்தது, பேச வைத்தது. இந்தக் கோபத்தை யாரிடம் போய்ச் சொல்வது? கருமாதிப் பந்தலில் குணாளன் நெஞ்சில் அடித்துக்கொண்டதும், அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து, "அத்தான், நீங்களும் இப்படி இருந்தா எங்களுக்கு யாரு" என்று அழுததும் ஞாபகம் வந்தது. அந்தக் கையைத்தான் பிடித்தோம் என்று நினைத்ததும் கடலில் துப்பினாள்.

வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுந்து கோழிக்கறியும் பருப்பும் வைத்தாள். "இன்னைக்குத்தானே அத்தான் பிரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ம்" என்றான் குணாளன். "ஜெகா, நீ இன்னைக்கு வரவேணாம். நாங்க வெளிய சாப்டுக்குறோம்."

"வராம இருப்பேனா?" என்றாள்.

அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தபோது சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு விழுந்திருந்தது. அந்தப் பக்கம் குருவி வீட்டின் இருட்டு தெரிந்தது. மேலே பாதிச் சுவரும் மாடித் தரையும் இரும்புக்கால்களின்மேல் நின்றன. குணாளன் அவசர அவசரமாக அடிவரிசைக்குச் சுண்ணாம்பு பரப்பிக்கொண்டிருந்தான். அவள் வருவதற்குள் சுவரை ஏற்றிவிடும் அவசரம் அது.

"ஹாஃபிஸ், கல்லு குடு. சீக்கிரம் லா."

"நிறுத்துங்க அத்தான்" என்றாள் ஜெகதீஸ்வரி.

தூக்கைப் படியில் வைத்தாள். ஒரு பெயிண்ட் வாளியை எடுத்துக்கொண்டு போய்த் திறப்புக்கு நடுவில், முட்டுகளுக்கு இடையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். தலைக்கு நேர் மேலே சுவரின் அறுபட்ட விளிம்பு.

"அக்கா, அங்க உக்காரக்கூடாதுக்கா" என்று ஹாஃபிஸ் பதறினான்.

"ரமணி அண்ணனக் கூப்புடு தம்பி. மாடியில இருக்குற அக்காவையும் எறங்கி வெளிய போய் நிக்கச் சொல்லு. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

ரமணியின் மனைவி எதுவும் கேட்காமல் இறங்கி அஞ்சடிக்குப் போனாள். ரமணி உள்கட்டிலிருந்து வந்து, அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்னம்மா இது? எழுந்திரு. ஆபத்தான இடம்."

"கிஷனும் இந்த மாதிரி இடத்துலதானே இருந்தான்? அவனுக்கு இந்த வார்த்தைய யாராச்சும் சொன்னீங்களா?"

"குணா, என்ன இது? நீ சொல்லிக் கூட்டிட்டு வந்தியா?"

குணாளன் சுண்ணாம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"அவர ஏன் பாக்குறீங்க? என்னையப் பாத்துப் பேசுங்க" என்றாள். "கிஷன் குடிச்சிருந்தானா?"

ரமணி உதட்டை நக்கினான். "அது... அந்த நேரத்துல மனசு சரியில்லாம..."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"அதிகாரிங்க வந்தா பெரிய பிரச்சினையாயிரும்னு பயந்தேன் தங்கச்சி. குடிச்சிருந்தான்னா கேள்வி கொறையும்னு நானா சேத்துச் சொல்லிட்டேன்."

"முட்ட எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான். வேற சைட்டுக்கு வேணும்னு சொன்னேன். சுண்ணாம்பு இன்னும் புடிக்கலன்னு சொன்னான். பரவால்ல, எடுன்னேன்."

"சொன்னான்னா, யாரு சொன்னா? கிஷனா?"

மேலேயிருந்து கொஞ்சம் தூசி கொட்டியது. ஹாஃபிஸ் ஒரு முட்டைக் கையால் பிடித்துக்கொண்டான், அது தாங்கும் என்கிற மாதிரி.

"போட்டவன்தானே எடுக்கணும்" என்றாள் ஜெகதீஸ்வரி. "நீங்க எடுக்கச் சொன்னது யார்கிட்ட, அண்ணே?"

இப்போதுதான் ரமணி குணாளனை நேராகப் பார்த்தான். "நான் ஏன் எல்லாத்தையும் ஒத்தையாளா சொமக்கணும்? சொல்லு குணா. நான் வாயால சொன்னேன். கையால எடுத்தது யாரு?"

குணாளன் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்தான்.

"ரெண்டே முட்டுத்தான் எடுத்தேன் ஜெகா" என்றான். "மூணாவதுல கை வெக்கக்கூட இல்ல. அதுக்குள்ள வந்துருச்சு."

"கிஷன் அடியில இருந்தது தெரியாதா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது. கீழ கெடந்த கல்லப் பொறுக்க உள்ள போயிருக்கான்."

"எடுக்கப் போறேன்னு கத்துனீங்களா?"

மழை தொடங்கியிருந்தது. குருவி வீட்டின் ஓட்டைக் கூரை வழியாகத் தண்ணீர் எங்கோ சொட்டும் சத்தம் கேட்டது.

"கேக்குறேன் இல்ல? எடுக்குறதுக்கு முன்ன ஒரு சத்தம் குடுத்தீங்களா, அத்தான்?"

"குடுக்கல" என்றான். "இவன் சுவரு காயறதுக்கு முன்ன எடுக்கச் சொல்லிட்டானேன்னு கோவத்துல இருந்தேன். குடுக்கல."

அவள் அழவில்லை. அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள், வரவில்லை. "ஒரு சத்தம்" என்று மட்டும் சொன்னாள். "அவன் பேர சொல்லி ஒரு சத்தம்." பிறகு போனை எடுத்துக் கோயில் குரூப்பைத் திறந்து, ரமணியிடம் நீட்டினாள். "பேசுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே."

ரமணி பேசினான். நடுவில் இருமினான், குரல் உடைந்தது, ஆனாலும் குடிக்கவில்லை என்பதையும் எடுக்கச் சொன்னது தான் என்பதையும் சொல்லி முடித்தான். ஊருக்குப் போய்ச் சேர்ந்த அடையாளம் விழுந்ததும் அவள் போனைக் குணாளன் பக்கம் நீட்டினாள்.

குணாளன் வாங்கவில்லை. "வீட்டுல வெச்சுப் பேசிக்கலாம் ஜெகா. தவமணிக்கு நானே சொல்லிக்கிறேன்."

"அக்காவும் அந்த குரூப்புல இருக்காங்க. கேட்டுக்குவாங்க."

"இத நான் பேசுனா என்னைய விசாரணைக்குக் கூப்புடுவாங்க. புடிச்சு உள்ள வெச்சுட்டா வீட்ட யாரு பாக்குறது? உன்னையும்தான் யாரு பாக்குறது?"

"கிஷன் போனப்ப இத என்கிட்ட யாரும் கேக்கல."

மேலே உத்திரம் ஒன்று லேசாக முனகியது. மழையில் குருவி வீட்டுத் தரை ஊறத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கத்து முட்டுகள் அந்தத் தரையில்தான் நின்றன. அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அண்ணே, பேசிருங்கண்ணே" என்றான் ஹாஃபிஸ். அழும் குரலில் சொன்னான். "அந்தப் பக்கம் மண்ணு எளகுது."

"எழுந்திரு ஜெகா. நான் பேசுறேன், நீ மொதல்ல எழுந்திரு."

"பேசிட்டுச் சொல்லுங்க."

சிறு செங்கல் துண்டு ஒன்று விழுந்து அவள் தோளில் பட்டுத் தரைக்குப் போனது. அவள் தோளைத் தட்டிக்கூட விடவில்லை. குணாளன் எழுந்து ஓடிவந்து போனைப் பிடுங்கினான். திறப்புக்கு அடியில் அவளோடு நின்றுகொண்டே பேசினான்.

"நான் குணாளன். பாகான் டாலாம் அய்யாக்கண்ணு மகன் பேசுறேன். என் தம்பி கிஷன் குடிக்கல. முட்டுல அவன் கையே வெக்கல. அந்த முட்டு நான் போட்டது. நான்தான் எடுத்தேன். அவன் உள்ள இருக்கானான்னு பாக்கல, சத்தம் குடுக்கல. பொறவு செத்தவன் மேல பழியப் போட்டோம். நானும் ரமணியும் சேந்துதான் போட்டோம். என் தம்பி மேல எந்தத் தப்பும் இல்ல."

அனுப்பினான். கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இந்த முறை யாரும் கைகூப்பும் படம் போடவில்லை. தவமணியின் பெயரில் அழைப்பு வந்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. குணாளன் எடுக்கவில்லை.

ஜெகதீஸ்வரி எழுந்து வாளியை ஓரமாக வைத்தாள்.

"இப்ப கல்ல வைங்க" என்றாள். "நடுவுல குப்பை போடாம, ஒழுங்கா."

வேலை மறுபடி தொடங்கியது. ஹாஃபிஸ் குருவி வீட்டுக்கு ஓடி, முட்டுகளுக்கு அடியில் பலகை செருகித் தரையைக் கெட்டிப்படுத்தினான். கல் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாததால் ரமணியே சட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தான். ஒரு வரிசை குறுக்கே, ஒரு வரிசை நெடுக்கே, பழைய சுவரின் பல்லோடு பல் பிடிக்கும்படி குணாளன் கட்டினான். அஞ்சடியில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார்கள். ரமணியின் மனைவி மறுபடி ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். ஜெகதீஸ்வரி வாங்கிக் குடித்தாள்.

சுவர் உத்திரத்தைத் தொட்டு, மேல் இடுக்கில் கெட்டிச் சுண்ணாம்பை அடித்து இறுக்கியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. முட்டுகள் இன்னும் பல வாரம் அப்படியே நிற்க வேண்டும். ஜெகதீஸ்வரி தூக்கைத் திறந்து, குணாளனுக்குத் தட்டில் சோறும் கோழிக்கறியும் போட்டாள். அவன் கை கழுவிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். சில மணி நேரத்தில் கிழடாகிப்போன மாதிரி இருந்தான்.

"ஜெகா" என்றான் மெதுவாக. "நீ நிபோங் திபாலுக்குப் போறதுன்னா லோரியில நானே கொண்டுபோயி விடுறேன். சாமானெல்லாம் ஏத்திக்கலாம். ஒங்க அம்மாவும் தனியாத்தானே இருக்காங்க?"

அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அவள் போய்விட வேண்டும் என்று அவன் எவ்வளவு ஆசைப்படுகிறான் என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

"நான் எதுக்குப் போகணும்?" என்றாள். "விசாரணைக்குக் கூப்புடுற வரைக்கும் நீங்க வீட்டுலதானே இருப்பீங்க? காலையில உங்களுக்குக் கோப்பி நான்தான் போடுவேன். மத்தியானம் சோறு நான்தான் கொண்டாருவேன். உள்ள வெச்சாலும் பாக்க வருவேன். நான் எங்கயும் போக மாட்டேன், அத்தான்."

இன்னொரு துண்டு கறியை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"சாப்புடுங்க."

குணாளன் தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றில் கை வைத்தான்.

"தட்டப் பாக்காதீங்க" என்றாள் ஜெகதீஸ்வரி. "என் மொகத்தப் பாத்துச் சாப்புடுங்க."